சந்தையைத் திறந்து வைப்பது யார்?

2025 ஜூன் மாதத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. வெளிமாநிலங்களிலிருந்து தோத்தாபுரி மாங்காய் ஏற்றிவரும் வண்டிகள் மாவட்டத்துக்குள் நுழையக் கூடாது என்றது அது. காவேரிப்பட்டினம், பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பெங்களூரா என்று சொல்வார்களே, அதே காய்தான். பழமாக வீட்டுக்குப் போவதைவிட மாங்கூழ் ஆலைக்குப் போவதே அதிகம். அந்த ஆண்டு விலை படுத்துவிட்டது. ஆந்திர அரசு தன் விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வழி செய்தது: ஆலை 8 ரூபாய் தரவேண்டும், மீதி 4 ரூபாயை அரசு தரும். பக்கத்து மாநிலத்துக் காய் அதைவிட மலிவாக ஆலை வாசலில் வந்து நின்றால் இந்த ஏற்பாடு நிற்காது என்பதால் எல்லையை அடைத்தார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதி ஆட்சேபம் தெரிவித்தார். அதே சீசனில் கிருஷ்ணகிரி மா விவசாயிகளும் கட்டுப்படியாகாத விலையால் தவித்தார்கள். சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி மூன்றும் அடுத்தடுத்துக் கிடக்கும் மாவட்டங்கள். ஒரே மண், ஒரே பருவம், ஒரே காய். பிரித்து வைத்திருப்பது மாநில எல்லை மட்டும்.

இந்தியாவுக்குள் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 301-ஆவது பிரிவு 1950-லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு மாவட்ட உத்தரவு எல்லையை மூட முடிந்தது. தடையற்ற சந்தை என்றதும் நம்மில் பலருக்கு, அரசு ஒதுங்கி நின்றால் தானாக முளைப்பது என்ற எண்ணம் வருகிறது. அதை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இரு தரப்பும் பெரும்பாலும் உதாரணம் காட்டுவது அமெரிக்காவை. ஆனால் அமெரிக்க அரசு உருவான முதல் சில ஆண்டுகளை நெருங்கிப் பார்த்தால் தெரிவது வேறு. அங்கே திறந்த சந்தை அரசு செய்த வேலையால் உண்டானது. சந்தையை மூடும் அதிகாரத்தைத் தன் உறுப்புகளிடமிருந்தே பறித்துக்கொண்ட ஓர் அரசு, வாக்காளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அரசு, அதைக் கட்டியது. பதில் சொல்லும் அந்தக் கடமை இல்லாத இடத்தில் சந்தை என்ன ஆகும் என்பதற்கு நம் பாராமகால் சீமையே, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியே, அதே காலத்துச் சாட்சி.

1781-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் முதல் கூட்டமைப்புச் சாசனம் மத்தியில் ஒரு காங்கிரஸை வைத்தது; ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரமோ வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமோ தரவில்லை. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் 13 மாநிலங்களிடமும் கேட்க வேண்டும்; கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். சாசனத்தைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிப் பொருள்களுக்கு 5 சதவீதத் தீர்வை போட்டுப் போர்க்கடனை அடைக்கலாம் என்று காங்கிரஸ் கேட்டபோது, ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் 1782-இல் மறுத்தது. திட்டம் அதோடு விழுந்தது. அடுத்த முயற்சியை நியூயார்க் முடக்கியது. அந்த நியூயார்க்கே கனெக்டிகட்டிலிருந்து விறகு ஏற்றிவந்த படகுகளுக்கும், நியூ ஜெர்சியிலிருந்து வெண்ணெயும் காய்கறியும் கொண்டுவந்த படகுகளுக்கும் கட்டணம் வைத்தது. பதிலடியாக நியூ ஜெர்சி, தன் கரையில் நியூயார்க் நடத்திவந்த கலங்கரை விளக்கத்துக்கு வரி போட்டது. இந்தச் சச்சரவுகளைப் பிற்காலத்தார் பெரிதுபடுத்திவிட்டார்கள் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. பல மாநிலங்கள் அண்டை மாநிலப் பொருள்களுக்கு விலக்கு அளித்திருந்தன என்பது அவர்கள் காட்டும் ஆதாரம், அது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு அந்தந்த மாநிலத்தின் தயவில் நின்றது. இன்று தந்ததை நாளை திரும்பப் பெறலாம் என்ற நிலையில் எந்த வியாபாரியும் துணிந்து முதல் போடமாட்டான்.

இதைத் தீர்க்கும் முயற்சி ஓர் ஆற்றிலிருந்து தொடங்கியது. பொட்டோமாக் நதியில் படகுப் போக்குவரத்து பற்றிப் பேச 1785 மார்ச்சில் வர்ஜீனியா, மேரிலாண்ட் பிரதிநிதிகள் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டில் கூடினார்கள். இரண்டு மாநிலங்கள் பேசி முடிக்கக்கூடிய சங்கதி அல்ல இது என்று புரிந்தது. 1786 செப்டம்பரில் அன்னாபொலிஸில் வணிகம் பற்றி மட்டுமே பேசுவதற்காக ஒரு கூட்டம் நடந்தது. வந்தவை 5 மாநிலங்கள்தான். வந்தவர்கள் பெரிய மாநாடு ஒன்று வேண்டும் என்று கேட்டுக் கலைந்தார்கள். அதன் விளைவே 1787-இல் பிலடெல்பியாவில் 55 பேர் கலந்துகொண்டு அரசமைப்பை எழுதிய மாநாடு. அந்தச் சட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குத் தந்தது. அதைவிட முக்கியம், அது போட்ட தடைகள். எந்த மாநிலமும் காங்கிரஸின் சம்மதமின்றி ஏற்றுமதி, இறக்குமதித் தீர்வை வைக்கக் கூடாது. சொந்தமாக நாணயம் அடிக்கக் கூடாது. ஒப்பந்தங்களைச் செல்லாக்காசாக்கும் சட்டம் போடக் கூடாது. மத்திய அரசுக்கும் கடிவாளம் உண்டு: மாநிலங்களிலிருந்து ஏற்றுமதியாகும் சரக்குக்கு அது வரி போடக் கூடாது, ஒரு துறைமுகத்துக்குச் சலுகை காட்டி இன்னொன்றை நசுக்கக் கூடாது.

தடைகளை எழுதியதோடு வேலை முடியவில்லை. முதல் நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசே ஏற்கச் செய்தார்; 1791-இல் தேசிய வங்கி தொடங்க வழி செய்தார்; அதே ஆண்டு டிசம்பரில் உற்பத்தித் தொழில்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்று காங்கிரஸுக்கு அறிக்கை தந்தார். காப்புரிமைச் சட்டம் 1790-இல் வந்தது; நாணயச் சட்டமும் தபால் துறைச் சட்டமும் 1792-இல் வந்தன. சிறிய அரசே அமெரிக்காவை வளர்த்தது என்று சொல்பவர்கள் தாமஸ் ஜெஃபர்சனைத் துணைக்கு அழைப்பார்கள். வங்கி அமைக்கும் அதிகாரம் அரசமைப்பில் இல்லை என்று அவர் எதிர்த்தது உண்மை. மேற்கே சாராயம் காய்ச்சிய விவசாயிகள் ஹாமில்டன் கொண்டுவந்த சாராய வரிக்கு எதிராக 1794-இல் கலகமே செய்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அரசின் கை நீளும்போது அதைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். ஆனால் ஜெஃபர்சன் குடியரசுத் தலைவரான பிறகும் மாநிலங்களுக்கு நடுவே சுங்கச்சாவடி திரும்பி வரவில்லை. ஒரே நாணயம் கலைக்கப்படவில்லை. 1776-இல் வெளிவந்த நூலில் ஆடம் ஸ்மித்தும், தேசப் பாதுகாப்பு, நீதி நிர்வாகம், தனியார் செய்ய முன்வராத பொதுப்பணிகள் என மூன்று கடமைகளை அரசின் தலையில் வைத்திருந்தார். அந்த மூன்றும் இல்லாத சந்தையை அவர் கேட்கவே இல்லை.

இன்னொரு தரப்பின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அந்தச் சந்தையில் மனிதர்களும் விற்கப்பட்டார்கள். அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடை செய்ய முடியாது என்று அதே அரசமைப்பு எழுதிவைத்தது. பிரதிநிதித்துவக் கணக்கில் 5 அடிமைகளை 3 பேராக எண்ணியது. அந்தக் கூடுதல் இடங்களின் பலன் எஜமானர்களுக்குப் போனது. 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டம் ஓஹையோ ஆற்றுக்கு அப்பால் இருந்த பூர்வகுடிகளின் நிலத்தை 640 ஏக்கர் கட்டங்களாக அளந்து விலைக்கு விட்டது. இவற்றை மறைத்துவிட்டு அமெரிக்கச் சந்தையைப் புகழ்வது பொய். ஆனால் இந்த உண்மை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. யாரை அரசு தன் குடிமகனாகக் கணக்கில் வைத்ததோ அவனுக்குத்தான் சந்தை திறந்தது. யாருக்கு வாக்கும் வழக்காடும் உரிமையும் இல்லையோ அவனே அங்கே சரக்கானான். அவன் நிலம் ஏலத்துக்குப் போனது. சந்தையின் தரம், அரசு யாருக்குப் பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தது.

இதே ஆண்டுகளில் பாராமகாலின் தென்பெண்ணைக் கரையில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். அந்தக் கதையும் அமெரிக்காவிலிருந்தே தொடங்குகிறது. 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. ஏகபோக உரிமை பெற்ற ஒரு வணிக நிறுவனத்தைக் காப்பாற்றத் தங்கள்மீது சட்டம் போடுவதா என்பது அங்கிருந்த குடியேறிகளின் கோபம். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி கார்ன்வாலிஸ். அவரே சில ஆண்டுகளில் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, திப்பு சுல்தானுடன் போரிட்டு, 1792 மார்ச் 18-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை செய்தார். அதன்படி பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. 1767 போரில் கம்பெனிப் படையும் ஹைதர் அலி படையும் மாறி மாறிப் பிடித்த காவேரிப்பட்டினம் கோட்டையும் அதில் அடக்கம். அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஏப்ரல் 2-இல், பிலடெல்பியாவில் அமெரிக்க நாணயச் சட்டம் நிறைவேறியது. பாஸ்டன் வாசிகள் ஒரு கம்பெனியின் சரக்கை ஏற்க மறுத்தார்கள். பாராமகால் மக்களுக்கோ அந்தக் கம்பெனியே அரசாங்கமாக வந்து உட்கார்ந்தது.

கம்பெனி இங்கே வேலை செய்யாமல் இருக்கவில்லை. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ உள்ளிட்ட அதிகாரிகளும் ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியான ரயத்திடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவெடுத்தது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் அதுவே முறையானது. ஓஹையோவிலும் நில அளவை, காவேரிப்பட்டினத்திலும் நில அளவை; ஏறக்குறைய ஒரே பத்தாண்டு. அங்கே அளந்தது குடியேறிக்கு விற்க. வாங்கியவன் வாக்காளனாகிச் சட்டமன்றத்தில் வரியைப் பற்றிப் பேசினான். இங்கே அளந்தது தீர்வை நிர்ணயிக்க. ரயத்துக்குப் பட்டா கிடைத்தது; தீர்வை எவ்வளவு என்பதில் பேச்சுரிமை கிடைக்கவில்லை. உள்நாட்டில் சரக்கு ஓரிடம் விட்டு ஓரிடம் போகக் கட்டவேண்டிய வழிச்சுங்கம் சென்னை மாகாணத்தில் 1844 வரை நீடித்தது. பிலடெல்பியாவில் நான்கு மாத மாநாடு தீர்த்த விஷயத்துக்கு இங்கே அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் எளிது: சுங்கத்தால் நொந்த வியாபாரிக்கும் விவசாயிக்கும் கம்பெனியை வீட்டுக்கு அனுப்பும் வழி இல்லை.

இந்தியாவில் தடையற்ற சந்தைக்காக மிக உரக்க வாதாடிய தலைவர் இந்த வட்டாரத்தில் பிறந்தவர் என்பதும் நினைக்கத் தக்கது. ராஜாஜி 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். 1952-இல் சென்னை மாநில முதல்வரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று அவர் பெயரிட்ட ஆட்சிமுறையை எதிர்த்தார். 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. அதே ராஜாஜிதான் முதல் முறை ஆட்சியில் இருந்தபோது, 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டம். மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி போட்டார்; பின்னர் எல்லா மாநிலங்களுக்கும் அதுவே முக்கிய வருமானமானது. இதை முரண்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் ஒரு தெளிவு தெரிகிறது. வெளிப்படையான, பொதுவான வரியை அவர் ஏற்றார். யார் தொழில் நடத்தலாம், எவ்வளவு செய்யலாம் என்று அதிகாரி ஆளுக்கு ஆள் தீர்மானிப்பதை ஏற்கவில்லை. எல்லாருக்கும் ஒன்றாகப் பொருந்தும் விதி சந்தைக்கு அஸ்திவாரம். ஆள் பார்த்துத் தரும் அனுமதி அதற்குப் பூட்டு.

ஓசூர் வளர்ந்த கதை இந்த வாதத்தைச் சோதிக்க நல்ல இடம். பெங்களூருக்குப் பக்கத்தில் இருப்பதால் தொழில் தானாக வந்தது என்பார்கள். பெங்களூர் எப்போதும் அங்கேதான் இருந்தது. தமிழக அரசு 1971-இல் சிப்காட்டைத் தொடங்கி, ஓசூரில் நிலம், சாலை, தண்ணீர், மின்சாரம் கொடுத்து, பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளும் தந்த பிறகுதான் ஆலைகள் வந்தன. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் அங்கே உற்பத்தியைத் தொடங்கின. டைட்டன் கடிகார நிறுவனம் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் உருவாக்கியது; இன்றும் அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் டிட்கோவிடம் இருக்கிறது. ஹாமில்டன் 1791-இல் கேட்டது ஏறத்தாழ இதைத்தான். இதற்கும் மறுப்பு உண்டு: அரசு கைகொடுத்த எத்தனையோ தொழிற்பேட்டைகள் முள் மண்டிக் கிடக்கின்றனவே என்பார்கள். அது சரியான கேள்வி. அரசு நிலமும் மின்சாரமும் தரலாம். வாங்குகிறவனை உண்டாக்க முடியாது. ஓசூரில் செய்த பொருளை எல்லையோர ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி நாடு முழுவதும் விற்க முடிந்ததால்தான் அந்த முதலீடு பலித்தது. அரசின் கையும் திறந்த எல்லையும் இரண்டும் வேண்டும்.

அந்த எல்லையும் வெகுகாலம் முழுசாகத் திறந்திருக்கவில்லை. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டதால் வணிக வரிச் சோதனைச்சாவடிகளில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. வண்டியோடு போகும் காகிதங்களின் இடத்தை இ-வே பில் பிடித்தது. இது பெரிய நன்மை. ஆனால் கொடுத்த விலையும் பெரியது. உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு வருவாயும் வரி விதிக்கும் அதிகாரமும் போகும் என்று ஆட்சேபித்தது. 2016-இல் மாநிலங்களவையில் அதிமுக வெளிநடப்பு செய்தது. ஜிஎஸ்டி மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை; முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் மத்திய அரசு மறுத்தால் எதுவும் நிறைவேறாது. மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னபோதும் நடைமுறை மாறவில்லை. ஒரே சந்தை வேண்டுமானால் இந்த இழப்பைத் தாங்கத்தான் வேண்டும் என்கிறார்கள். அமெரிக்க அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. அங்கே மாநிலங்கள் தங்கள் விற்பனை வரியைத் தாங்களே தீர்மானிக்கின்றன. டெலவேரிலும் நியூ ஹாம்ப்ஷையரிலும் அப்படி ஒரு மாநில வரியே இல்லை. அரசமைப்பு அவற்றிடமிருந்து பறித்தது அடுத்த மாநிலத்துச் சரக்கை மறிக்கும் உரிமையை. நியூயார்க் நீராவிப் படகு ஏகபோகத்தை 1824-இல் நீதிபதி ஜான் மார்ஷல் ரத்து செய்ததும் அந்த அடிப்படையில்தான். சந்தை ஒன்றாக இருப்பதற்கு வரி ஒன்றாக இருந்தாக வேண்டிய அவசியமில்லை.

இனி மாங்காய்ப் பிரச்சினைக்கு வரலாம். சொந்த விவசாயியைக் காப்பாற்றுவது ஓர் அரசின் கடமையில்லையா என்று கேட்கலாம். கடமைதான். கிலோவுக்கு 4 ரூபாய் தன் கருவூலத்திலிருந்து தர ஆந்திரா முடிவு செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் தன் விவசாயிக்கு மட்டும் போய்ச்சேர, நிலப் பதிவேடும் வங்கிக் கணக்கும் போதும். அடுத்த மாநிலத்து வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. தடை தொற்றும் தன்மை உடையது. ஒரு மாநிலம் மாங்காயை மறித்தால் அடுத்தது தக்காளியையும் பாலையும் மறிக்கும். நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் செய்தது அதுதான். அப்போது முதலில் நொடிவது, மூன்று மாநிலச் சந்தையை நம்பிப் பயிரிடும் எல்லையோர விவசாயி. பொதுநலனுக்காக வணிகத்தின்மேல் கட்டுப்பாடு போடும் வழியை 304-ஆவது பிரிவு மாநிலங்களுக்கு அடைத்துவிடவில்லை. ஆனால் அதற்குச் சட்டமன்றம் சட்டம் போடவேண்டும். மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் பிறக்கும் உத்தரவு அந்த வழியைச் சுற்றிக்கொண்டு போகிறது.

நம் அரசமைப்பை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்தார்கள். வணிகச் சுதந்திரத்தைக் கண்காணிக்க ஓர் அமைப்பை நாடாளுமன்றம் ஏற்படுத்தலாம் என்று 307-ஆவது பிரிவில் எழுதினார்கள். சர்க்காரியா ஆணையமும் அதைப் பரிந்துரைத்தது. இத்தனை ஆண்டுகளாகியும் அமைக்கப்படவில்லை. அதனால்தான் எல்லையில் நிற்கும் வண்டிக்காக ஒரு முதல்வர் இன்னொரு முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அழுகும் சரக்குக்கு நீதிமன்றத் தேதி வரை ஆயுள் கிடையாது. மாநிலங்களுக்குச் சமமான வாக்குரிமை உள்ள, சில நாள்களில் முடிவு சொல்லக்கூடிய அமைப்பு ஒன்று வேண்டும். மத்திய அரசு இன்னொரு பிடியைப் போட அது கருவியாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதன் அதிகாரத்தை மறியலை நீக்குவதோடு நிறுத்தி, வரியைத் தொடவிடாமல் எழுதினால் அந்த அச்சத்துக்கு இடமிராது.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவும் தேவையில்லை. சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி மூன்றுக்கும் பொதுவாக, சீசன் தொடங்கும் முன்னே மூன்று அரசுகளும் கூழ் ஆலைகளும் விவசாயிகளும் உட்கார்ந்து குறைந்தபட்ச விலையையும் கொள்முதல் அளவையும் பேசி முடிக்கலாம். வர்ஜீனியாவும் மேரிலாண்டும் 1785-இல் கூடியபோது அவர்கள் கையில் இருந்தது ஒரு நதியின் படகுத் தகராறு மட்டுமே. இரண்டே ஆண்டில் அது ஒரு நாட்டின் அரசமைப்பில் போய் முடிந்தது. அன்று அவர்களை ஆண்டது அவர்கள் தேர்ந்தெடுத்த அரசு. 1792-இல் காவேரிப்பட்டினத்தாருக்கு அப்படியொன்று இல்லை, இன்று இருக்கிறது. ஆகவே சந்தை மூடப்பட்டால் இனி அதற்குக் கம்பெனியைக் காரணம் காட்ட முடியாது. வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் எல்லையோர மக்கள் கேட்க வேண்டியது இதுதான்: எங்களுக்கு எவ்வளவு மானியம் என்பதோடு, எங்கள் சரக்கை அடுத்த மாநிலம் மறித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், அடுத்த மாநிலத்துச் சரக்கை நாம் மறிக்கச் சொன்னால் மறுப்பீர்களா? இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லும் அரசுதான் சந்தையைத் திறந்து வைக்கும்.